கல் வைத்துப் பழுத்த மாம்பழமும் ஒரு சட்டத் திருத்தமும்

"கல் வைத்துப் பழுக்க வைத்ததா?" மாம்பழம் வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி இது. அந்தக் கல், கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலின் வாயு வெளிவரும். வெல்டிங் பட்டறைகளில் இரும்பை ஒட்ட உதவுவதும் இதே வாயுதான்.

வெல்டிங் வாயுவால் காய் எப்படிப் பழுக்கிறது? காய் பழுக்கும்போது எத்திலின் என்ற வாயுவைத் தானே சுரக்கிறது. இது தாவர வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன். விளக்கு எரிக்கும் வாயுவில் இருந்த எத்திலினே பட்டாணி முளைகளை வளைக்கிறது என்று 1901இல் ரஷ்ய விஞ்ஞானி நெல்யூபோவ் காட்டினார். பழங்களே எத்திலினை உண்டாக்குகின்றன என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். அசிட்டிலின் எத்திலினைப் போலவே செயல்படுவதால் காய் ஏமாந்து பழுக்கிறது.

சிக்கல் கல்லில் உள்ள கலப்பில்தான். தொழிற்சாலைக்கான கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவை சிறிதளவு கலந்திருக்கும். தலைச்சுற்றல், வாந்தி, தோல் புண் போன்றவை வரலாம். சாப்பிடுபவருக்கு முன்பே, கிடங்கில் அந்தக் கல்லைக் கையாளும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து.

இந்தியா இதைத் தடை செய்து பல காலம் ஆகிறது. 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் தடை தொடர்ந்தது. ஆனாலும் சென்னைக் கோயம்பேடு சந்தையில் கார்பைடு மாம்பழம் பறிமுதல் என்ற செய்தி மாம்பழ சீசனில் திரும்பத் திரும்ப வந்தது. காரணம் எளிது. பழுத்த மாம்பழம் நீண்ட தூர லாரிப் பயணத்தைத் தாங்காது. காயாகப் பறித்து, சந்தையில்தான் பழுக்க வைக்க வேண்டும். எதைச் செய்யக்கூடாது என்று சொன்ன சட்டம், எதைச் செய்யலாம் என்று தெளிவாகச் சொல்லவில்லை.

2016இல் அந்த இடைவெளி நிரப்பப்பட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 100 பிபிஎம் வரை எத்திலின் வாயுவைப் பயன்படுத்த அனுமதித்தது. அதாவது காற்றில் 10,000 பங்குக்கு ஒரு பங்கு. எத்திலின் தீப்பற்றக்கூடியது, ஆனால் அதற்குக் காற்றில் சுமார் 27,000 பிபிஎம் தேவை. 2018இல் வழிகாட்டிக் குறிப்பும் வந்தது. மூடிய அறை, சரியான வெப்பநிலை, காற்றோட்டம் ஆகியவை வேண்டும். எத்திலினை வெளியிடும் எத்திபான் பொட்டலம் பழத்தைத் தொடக்கூடாது.

எத்திபான் நமக்குப் புதிதல்ல. பால்மரத் தோட்டங்களில் வெட்டுக் கோட்டின் அருகே பட்டையில் தடவப்பட்ட மருந்து அதுதான். பால் அதிக நேரம் வடிய அது உதவியது. அளவு மீறினால் மரம் பால் வற்றிப் போகவும் கூடும். ஒரே பொருள் மருந்தாவதும் கேடாவதும் அளவிலும் முறையிலும் இருக்கிறது.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் பதிவு பெறாத மருந்துகளின் விற்பனையைத் தடுக்கிறது. உணவில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதற்கு 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள் வரம்பு வைத்துள்ளன.

விதி திருந்தியதும் கார்பைடு மறைந்துவிடவில்லை. 2024 மே மாதத்திலும் இந்திய ஆணையம் வணிகர்களுக்குத் தடையை நினைவூட்ட வேண்டியிருந்தது. பழுக்க வைக்கும் அறை கட்டப் பணம் வேண்டும், கல்லோ மலிவு. சிறு வியாபாரிகள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது அறைகள் பெருகினால்தான் திருத்தம் முழுப் பலன் தரும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. கடைக்காரரிடம் "பழுக்க வைத்ததா?" என்பதோடு நிற்காமல், "எதை வைத்து?" என்றும் கேட்கலாம். முற்றிய காயாகவே வாங்கினால், பாட்டி காலத்து அரிசிப் பானை போதும். காய் விடும் எத்திலின் அரிசிக்குள் தங்கி, சில நாளில் பழுத்துவிடும். அவசரமென்றால் காகிதப் பையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் சேர்த்து வையுங்கள்.