எரிபொருளில் ஒளிந்திருந்த பனிக்கட்டி

விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. அப்படியென்றால் வானத்துக் குளிரால் ஆபத்தே இல்லை என்றுதானே நினைப்பீர்கள்?

2008 ஜனவரி 17ஆம் தேதி, பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த போயிங் 777 விமானம் தரையிறங்கும் நேரத்தில் இரு இயந்திரங்களிலும் விசை குறைந்தது. ஓடுபாதையை எட்டாமல் புல்தரையில் மோதியது. நல்லவேளையாக 152 பேரும் உயிர் தப்பினர்.

உறைந்தது எரிபொருள் அல்ல. அதில் கலந்திருந்த சிறிதளவு நீர். நீண்ட பயணத்தில் எரிபொருளின் வெப்பநிலை மைனஸ் 34 டிகிரிக்கு இறங்கியது. குழாய்களின் உட்சுவரில் பனிக்கட்டி படிந்தது. இறங்கும்போது எரிபொருள் வேகமாகப் பாய, அது மொத்தமாகப் பெயர்ந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் நுண்குழாய் வாய்களை அடைத்தது என விசாரணையாளர்கள் கருதினர். அந்த வாய்கள் சற்றே துருத்திக்கொண்டிருந்ததால் பனிக்கட்டி எளிதில் சிக்கியது.

துருத்தலை நீக்கிப் புதிய கருவி உருவானது. அதைப் பொருத்தும்படி விமானப் பாதுகாப்பு அமைப்புகள் ஆணை பிறப்பித்தன. இத்தகைய ஆணை வெறும் அறிவுரை அன்று. கெடுவுக்குள் நிறைவேற்றாத விமானம் பறக்க முடியாது. அதே வகை இயந்திரம் கொண்ட விமானங்களைச் சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்களும் அப்போது இயக்கின. லண்டனில் கற்ற பாடம் நம் பயணிகளையும் காத்தது.