ஆளியின் பொறுமைக்கும் எல்லையுண்டு

பழவேற்காடு, எண்ணூர், வெள்ளாற்று முகத்துவாரம் முதலிய இடங்களில் ஆளி எனப்படும் உணவுச் சிப்பி, கல்லிலும் பழைய ஓட்டிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. மீனைப்போல் இடம்பெயர்ந்து தப்ப அதனால் இயலாது. கடல்நீரில் 1,000 பங்குக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்று வெள்ளம் பாயும்போது முகத்துவார நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அப்போது ஆளி செய்வது யாது? வலிய தசையொன்றினால் இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்கிறது. இதயத் துடிப்பு தளர்கிறது. உடலில் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைப் பிராணவாயுவின்றியே சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. அதனால் விளையும் அமிலத்தை, ஓட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு தணிக்கிறது. உப்புக் குறைவு நீடித்தால், உயிரணுக்களிலுள்ள அமினோ அமிலங்களைக் குறைத்து, மிகுதியாக நீர் புகுந்து அவை வீங்காதபடி காத்துக்கொள்கிறது.

எனினும், இச்சேமிப்பு பஞ்சகாலத்துக் குதிர் நெல்லைப் போன்றது. எடுக்க எடுக்கக் குறையும். இனப்பெருக்கத்தால் அது கரைந்திருக்கும் சமயத்தில் வெள்ளமும், நீரின் பிராணவாயுவைக் குறைக்கும் கழிவும் ஒருங்கே வந்தால் ஆளி மடியும்.

வெள்ளம் இயற்கையின் செயல். கழிவோ நம் செயல். ஆதலால் கரையோரப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முகத்துவாரத்தில் கழிவுநீர் கலவாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இளம் ஆளிகள் பற்றி வளரும் பழைய ஓடுகளைச் சுண்ணாம்பு சுடுவதற்கென முற்றிலும் வாரிவிடாமல், ஒரு பகுதியை நீரிலேயே விட்டுவைத்தல் நலம். ஆளி பெருகினால் அதனை நம்பிய குடும்பங்களும் வாழும்.