இரண்டு தெனாரியமும் ஒரு வாக்குறுதியும்



நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததும், அடிபட்டவரைத் தம் விலங்கின்மீது ஏற்றிச் சென்றதும் நம் நினைவில் நிற்கின்றன. மறுநாள் நடந்ததையோ பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம். சமாரியர் இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுக்கிறார். மேலும் செலவானால், திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார் (லூக்கா 10:35). ஒரு தெனாரியம் என்பது அந்நாளில் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. அடிபட்டவர் தலைசாய்க்கும் இடத்திற்காகச் சமாரியர் தம் இரண்டு நாள் கூலியையும், தம் வார்த்தையையும் கொடுத்தார்.

வாடகை கட்ட முடியாமலும், மின்கட்டணம் செலுத்த முடியாமலும் தவிக்கும் குடும்பங்களுக்குச் செய்யப்படும் அவசர உதவி இன்றும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், நம் பங்குகளிலும் நாம் அறிந்துள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபை செய்துவரும் முக்கியப் பணிகளுள் இதுவும் ஒன்று. அது எப்படி நடக்கிறது, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன என்று சிந்திப்போம்.

ஒரு மாதச் சறுக்கல்

வருமானத்தில் 30 விழுக்காட்டிற்கு மேல் வீட்டிற்கே செலவிடும் குடும்பத்தை, வீட்டுச்செலவின் சுமையைத் தாங்கும் குடும்பம் என்று அந்நாட்டில் கணக்கிடுகின்றனர். 2022-ஆம் ஆண்டில் இத்தகைய வாடகைக் குடும்பங்கள் 2 கோடியே 24 லட்சம் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு மையம் கணக்கிட்டது. வாடகை வீடுகளில் வாழ்வோரில் இது ஏறக்குறைய பாதி. இத்தகைய குடும்பத்தில் சேமிப்பு இருப்பது அரிது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் போதும், அந்த மாத வாடகை நின்றுவிடும்.

அதன்பின் காரியங்கள் விரைவாக நடக்கின்றன. முதலில் வீட்டு உரிமையாளரின் எழுத்து அறிவிப்பு வருகிறது. அதில் தரப்படும் கெடு மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடும்; சில இடங்களில் சில நாள்களே. கெடு முடிந்தால் வழக்கு, பிறகு விசாரணை, தீர்ப்பு, இறுதியில் நீதிமன்ற அலுவலர் வாசலுக்கு வருகிறார். வீட்டைக் காலி செய்ய நேராவிட்டாலும், வழக்குப் பதிவான செய்தியே பின்னாளில் வேறு வீடு தேடும்போது தடையாக நிற்கக்கூடும். எனவே, அறிவிப்பு வந்த வாரத்தில் கிடைக்கும் சிறு உதவி, தீர்ப்புக்குப் பின் கிடைக்கும் பெரிய உதவியைவிட அதிகப் பயன் தரும்.

ஓசானாம் தொடங்கிய பணி

1833-ஆம் ஆண்டு பாரிசு நகரில், 20 வயது மாணவரான பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியதே வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளின் வீடுகளுக்குச் செல்ல அவர்களுக்கு வழிகாட்டியவர், பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த அருள்சகோதரி ரோசலி ரெந்து. அந்த இளைஞர்கள் ரொட்டியும் விறகும் கொண்டு சென்றார்கள். 1845-இல் இப்பணி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றது. ஓசானாம் 1997-இலும், ரோசலி ரெந்து 2003-இலும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். அன்றைய விறகின் இடத்தில் இன்று மின்சாரமும் எரிவாயுவும் இருக்கின்றன. ஏழையின் வீட்டுக்கே செல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

உதவி எவ்வாறு சென்று சேர்கிறது?

உதவி கேட்டு அழைப்பு வந்ததும், பங்கிலுள்ள கிளைச்சபையின் உறுப்பினர் இருவர் அந்த வீட்டுக்குச் செல்கின்றனர். வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் அறிவிப்பு, நிலுவையிலுள்ள கட்டணச் சீட்டு, வருமானச் சான்று ஆகியவற்றைப் பார்க்கின்றனர். பிறகு ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்கின்றனர்: அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி? இது சந்தேகப்பட்டுக் கேட்கும் கேள்வி அன்று. இந்த மாதம் கொடுக்கும் பணம் அந்தக் குடும்பத்தை உண்மையிலேயே கரை சேர்க்குமா என்று அவர்களோடு சேர்ந்து கணக்குப் பார்ப்பதே அதன் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வாடகை 1,400 டாலர். குடும்பத்தின் கையில் 650. குறைவது 750 டாலர். ஒரு பங்கின் கிளைச்சபையால் அவ்வளவையும் தர இயலாது. அது 250 தருகிறது. பக்கத்துப் பங்கு 200, வேறொரு கிறிஸ்தவ சபையின் கோவில் 150, உறவினர் ஒருவர் 150. இப்படித்தான் தொகை நிறைகிறது.

இங்கேதான் சமாரியரின் இரண்டாவது கொடை வருகிறது. முழுத்தொகையும் சேரும்வரை உரிமையாளர் காத்திருக்க வேண்டுமே! அதற்காகக் கிளைச்சபை அவருக்கு வாக்குறுதிக் கடிதம் ஒன்றைக் கொடுக்கிறது. மீதித்தொகை சேர்ந்ததும் எங்கள் பங்கைத் தந்துவிடுவோம் என்பதே அதன் சாரம். மின்வாரியத்திற்கும் இதே போன்ற வாக்குறுதி தரப்படுவதுண்டு. பல வேளைகளில் இணைப்பைத் துண்டிக்காமல் நிறுத்தி வைக்க அது போதுமானதாகிறது. பின்னர் காசோலை நேராக உரிமையாளருக்கோ, மின்வாரியத்திற்கோ அனுப்பப்படுகிறது. அந்த உரிமையாளருக்கும் வங்கிக்கடனும் வரியும் இருக்கலாம். சாவடிப் பொறுப்பாளரையும் சமாரியர் நஷ்டப்படவிடவில்லையே!

வெளிச்சமும் வெப்பமும்

கடும் குளிர்காலத்தில் வெப்பமூட்டும் கருவி நின்றுபோவது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உயிராபத்து. ஆகவே, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் எரிசக்திச் செலவுக்கென அந்நாட்டின் மத்திய அரசு 1981-இல் ஒரு திட்டத்தை உருவாக்கியது. பல மாநிலங்களில் குளிர்காலத்தில் இணைப்பைத் துண்டிக்கத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ஆனால் தடைக்காலத்திலும் கட்டணம் சேர்ந்துகொண்டே போகிறது. வசந்தம் வரும்போது பெரிய தொகையாக முன்னே நிற்கிறது. துண்டிப்பு நாளுக்கு முன்பே நிறுவனத்தை அழைத்துத் தவணை கேட்பது நல்லது. உள்ளூரில் எங்கே உதவி கிடைக்கும் என்று அறிய, அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் 211 என்ற தொலைபேசி எண் உள்ளது.

பெருந்தொற்று கற்பித்தது

கோவிட் காலத்தில் இந்தத் தேவை நாடெங்கும் வெளிப்பட்டது. 2020 செப்டம்பரில், வாடகை கட்ட இயலாதவர்களை வெளியேற்ற நாடளாவிய தடை வந்தது. தடை வாடகையைத் தள்ளுபடி செய்யவில்லை. நிலுவை ஏறிக்கொண்டே போனது. எனவே, 2020 டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் வழியாக வாடகை உதவிக்கென 4,600 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் பணம் மிக மெதுவாகவே மக்களைச் சென்றடைந்தது. நிறைவு செய்யவேண்டிய படிவங்கள் பல, இணைக்கவேண்டிய சான்றுகள் பல. 2021 ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றம் வெளியேற்றத் தடையை நிறுத்தியபோது, உதவி இன்னும் எட்டாத குடும்பங்கள் ஏராளம். அந்த நிதியின் காலமும் 2025 செப்டம்பரில் முடிந்துவிட்டது. பெருந்தொகை இருந்தும், அருகில் அமர்ந்து படிவத்தை நிரப்பித்தர ஒருவர் இல்லாததால் பலர் தவித்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

வாசலுக்கு வெளியே நிற்பது

இப்பணிக்கு எல்லைகளும் உண்டு. வாடகை வருமானத்திற்கு மீறியதாகவே நிலைத்துவிட்டால், ஒரு காசோலை ஒரு மாதத்தைத்தான் தள்ளிப்போடும். நிதி தீர்ந்த மாதங்களில் இல்லை என்று சொல்லவும் நேர்கிறது. அப்போதும் நீதிமன்றத்தில் துணைநிற்கும் இலவச சட்ட உதவியையோ, வாடகை குறைந்த வேறு வீட்டையோ தேட உடன் நிற்க முடியும்.

நம்மை மிகவும் வருத்துவது தாமதமாக வருபவர்களின் நிலையே. மூன்று மாத வாடகை நின்றபின்தான் சிலர் வாய்திறக்கிறார்கள். ஏன்? வெட்கம். ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் அமர்ந்து பாடுபவரின் சட்டைப்பையில் அந்த அறிவிப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். நம் பங்கில் பேச்சு பரவிவிடும் என்ற அச்சமே அவரைத் தடுக்கிறது என்றால், அதற்கு நாமும் பொறுப்பாளிகள் அல்லவா?

கடன் கொடுத்தவர் அடகு வாங்க ஏழையின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்கிறது இணைச்சட்டம் (24:10-11). பிறர் வீட்டின் வாசலை மதிக்கச் சொல்லும் கட்டளை இது. உதவ உள்ளே செல்பவர்களும் அந்த மரியாதையோடு செல்ல வேண்டும். கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டுவர வேண்டும்.

எனவே, நாம் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் இரண்டு காரியங்களைச் செய்வோம். துன்பம் நமக்கு வந்தால், முதல் அறிவிப்பு கையில் கிடைத்த அன்றே பங்குத்தந்தையிடமோ வின்சென்ட் தே பவுல் சபையினரிடமோ சொல்வோம். துன்பம் பிறருக்கு வந்தால், முதல் வார்த்தையிலேயே அவர்களது வெட்கத்தைப் போக்குவோம்.

சமாரியர் திரும்பி வந்தாரா என்று உவமை சொல்லவில்லை. அவர் தந்த வாக்கு அப்படியே நிற்கிறது. அதை நிறைவேற்றும் பொறுப்பை ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். நீரும் போய் அப்படியே செய்யும் என்று அவர் திருச்சட்ட அறிஞருக்குச் சொன்னது நமக்கும்தான்.