ஒற்றை விரலில் உலகத்தையே ஆட வைத்தவரைத் தெரியுமா?

1960-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த மோடவுன் நிறுவனத்தின் ஹிட் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் வலது கையில் ஒரே ஒரு விரலால்தான் வாசித்தார், தெரியுமா? ஆள்காட்டி விரல் மட்டும்! அந்த விரலுக்கே ‘கொக்கி’ என்று பட்டப்பெயர். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் பழகிய கை அது. எலெக்ட்ரிக் பேஸுக்கு மாறியபோதும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. இதைவிட ஆச்சரியம், அறுந்தால் தவிர ஸ்ட்ரிங்கையே மாற்ற மாட்டாராம். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் வைத்து, நாதம் நீண்டு ஒலிக்காமல் சட்டென்று அடங்கும்படி செய்திருந்தார். இன்று உலகமெங்கும் பேஸ் பயில்கிறவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அந்தத் ‘தும்’ என்ற நாதம், தேய்ந்த கம்பியும் ஒரு துண்டு ஃபோமும் ஒரு விரலும் சேர்ந்து கொடுத்தது! விலை உயர்ந்த கிட்டார் வாங்கும்வரை புது உத்தி எதையும் தொட முடியாது என்று நினைக்கும் கல்லூரி பேண்டுக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

எலெக்ட்ரிக் பேஸுக்கு இன்றைய வடிவத்தைத் தந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது, தெரியுமா? கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். 1951-ல் அவர் கொண்டுவந்த ‘பிரிசிஷன் பேஸ்’, பெருவிரலால் மீட்டுவார்கள் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. மற்ற விரல்கள் பிடித்துக்கொள்ள, மெல்லிய ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒரு சிறு கட்டையும் வைத்திருந்தார். போகப் போக வாசிக்க வந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடப்பதுதான் இன்று எல்லோரும் முதலில் கற்கும் பாடம். கருவியைச் செய்தவரே நினைத்துப் பார்க்காத வாசிப்பு அது!

இப்போது இன்னொரு அதிசயம். பேஸ் கிட்டாரின் பெரிய பெயர்களில் பாதிப் பேர் பேஸ் வாசிக்க வேண்டும் என்று கிளம்பியவர்களே அல்ல. கேரல் கே என்ற பெண்மணி ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். 1963-ல் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வரவில்லை. அந்த இடத்தில் இவரை உட்கார வைத்தார்கள். கிட்டாரில் பழகிய பிக்கை அப்படியே பேஸுக்கும் கொண்டுவந்தார், கம்பிகள் மேல் ஃபெல்ட் துணியை ஒட்டினார், எடுப்பான ஒரு புது நாதம் பிறந்தது. பால் மெக்கார்ட்னியும் அப்படித்தான். 1961-ல் பீட்டில்ஸ் குழுவின் பேஸ்காரர் விலகியபோது, அந்த வேலையை ஏற்க ஆளில்லாமல் இவர் தலையில் விழுந்தது. இடது கைக்காரரான அவர் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் பார்க்க நன்றாக இருந்ததுதான். ஜாகோ பஸ்டோரியஸ் முதலில் டிரம்மர். விளையாட்டில் மணிக்கட்டு முறிந்து டிரம்ஸ் கடினமாகிவிட, பேண்டில் பேஸ் இடம் காலியாக இருந்தது, அதில் போய் நின்றார்.

நம் ஊர் பேண்டுகளில் நடப்பதும் இதேதான். இரண்டு பேர் கிட்டார் வாசிக்கத் தெரிந்து வருவார்கள், அதில் ஒருவரைப் பார்த்து “நீ பேஸ் எடுத்துக்கோடா” என்பார்கள். அப்படி பேஸைக் கையில் வாங்கியவர் என்றால் நீங்கள் மிக நல்ல வரிசையில் நிற்கிறீர்கள். வேறொரு கருவியிலிருந்து வந்த கைதான் பேஸுக்குப் புது உத்தியைக் கொடுத்திருக்கிறது. இது என் உறுதியான நம்பிக்கை.

‘ஸ்லாப்’ என்ற அடி உத்தி பிறந்த கதையைக் கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் டெல் கிரஹாம் என்ற பாடகி பியானோ வாசித்துக்கொண்டே பாடுவார். கூட வாசித்தது மகன் லாரி. ஆர்கனில் கால் கட்டைகளை மிதித்து பேஸ் ஸ்வரங்களைக் கொடுத்துக்கொண்டிருந்த லாரி, ஆர்கன் பழுதானதும் தற்காலிகமாக ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். பிறகு டிரம்மரும் இல்லாமல் போனார். தாளத்துக்கு ஆள் இல்லை! என்ன செய்தார் தெரியுமா? கிக் டிரம் விழ வேண்டிய இடத்தில் தடித்த கம்பியைப் பெருவிரலால் அடித்தார். ஸ்நேர் விழ வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பியை விரலால் இழுத்து விட்டார். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் ஒரே கையில் பேசுவது போன்ற வாசிப்பு! பின்னர் அவர் ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் சேர்ந்தார். 1969 இறுதியில் வெளியான அவர்களுடைய ‘தேங்க் யூ’ பாடலில் உலகமே அந்த அடியைக் கேட்டது.

ஸ்லாப் பழகத் தொடங்கும் பலருக்குப் பெருவிரல் வீங்கிப்போகும். பலத்தைப் பெருவிரலில் தேடுவதுதான் காரணம். அடி வர வேண்டியது முன்கையின் சுழற்சியிலிருந்து. பெருவிரல் மூட்டின் எலும்புப் பக்கம், ஃபிரெட் போர்டு முடியும் இடத்தில் கம்பியைத் தொட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். அந்தக் கணத்தில் கம்பி கடைசி ஃபிரெட்டுகளின் உலோகத்தில் மோதுகிறது, கணீர் என்ற ஓசை அங்கேதான் பிறக்கிறது. பெருவிரல் கம்பியிலேயே தங்கிவிட்டால் ‘தொப்’ என்று செத்த சத்தம்தான் வரும். எத்தனை வேகமாகத் தொடுகிறீர்களோ அத்தனை வேகமாக விலக வேண்டும். இழுக்கும் விரலும் அப்படித்தான். நுனி மட்டும் கம்பிக்கு அடியில் போனால் போதும், கொக்கி போட்டுப் பிடுங்க வேண்டியதில்லை.

பேஸின் அடி ஸ்ட்ரிங், அதாவது ‘ஈ’, ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிர்கிறது, தெரியுமா? இதில் ஒரு வியப்பான கணக்கு ஒளிந்திருக்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு பாட்டு. ஒரு தட்டுக்குள் தகதிமி என்று நான்கு ஸ்வரம் வாசிக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது விநாடியில் எட்டில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ‘ஈ’ கம்பி முழுதாக அதிர்வது ஐந்தே ஐந்து முறை! ஐந்து அசைவுக்குள் ஸ்வரம் தொடங்கி, தன்னை யாரென்று சொல்லி, முடிந்தும் போக வேண்டும். அடி ஸ்வரங்களில் வேகம் காட்டினால் குழம்பிப்போவது உங்கள் விரலின் குற்றம் மட்டும் இல்லை. தேர்ந்த கைகள் அங்கே ஸ்வரத்தைக் குறைத்து, நடுநடுவே ‘கோஸ்ட் நோட்’ போடுகின்றன. இடது கை கம்பியை அழுத்தாமல் சும்மா தொட்டிருக்க, வலது கை மீட்ட, ஸ்வரமே இல்லாத ஒரு ‘டுக்’ மட்டும் கேட்கும். டவர் ஆஃப் பவர் குழுவின் ராக்கோ பிரெஸ்டியா இதில் மன்னர்.

கம்பிகளை மீட்டுவதைவிடக் கம்பிகளை அடக்குவதுதான் பேஸில் பெரிய வேலை. இதை எவ்வளவு சொன்னாலும் தகும்! நான்கு கம்பிகளில் ஒன்றை மீட்டினால் மற்ற மூன்றும் லேசாக அதிரத் தொடங்கும். வீட்டில் சின்ன ஆம்ப்பில் அது கேட்காது. மேடையில் பெரிய ஸ்பீக்கரில் அதுவே இரைச்சலாகப் பெருகும். ‘டி’ ஸ்ட்ரிங்கை மீட்டும்போது கவனித்துப் பாருங்கள். விரல் கம்பியைத் தாண்டிக் காற்றில் போகக் கூடாது, அடுத்த ‘ஏ’ ஸ்ட்ரிங்கில் வந்து சாய வேண்டும். மீட்டிய அந்த அசைவிலேயே ‘ஏ’ அடங்கிவிட்டது. பெருவிரலைப் பிக்கப்பிலேயே நட்டு வைக்காமல் ‘ஈ’ ஸ்ட்ரிங்கின் மேல் கிடத்தினால் அதுவும் அடக்கம். மேலே இருக்கும் ‘ஜி’யை இடது கை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி லேசாகத் தொட்டிருக்கட்டும். ஒரு கம்பி பேச, மூன்று கம்பிகள் வாய் மூடியிருக்கின்றன. புது உத்தி ஏதாவது ஒன்றுதான் கற்க நேரம் இருக்கிறது என்றால், ஸ்லாப்பை ஒத்தி வைத்துவிட்டு இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

பேஸ்காரர் தாளம் தவறினால் பேண்டே தடுமாறுவது ஏன் என்று யோசித்ததுண்டா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் ஒரு கீழ் ஸ்வரமும் ஒரு மேல் ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கும். அவ்வப்போது இரண்டில் ஏதோ ஒன்று 50 மில்லி விநாடி முந்தி வரும். கேட்டவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, கீழ் ஸ்வரம் முந்தியதை மூளை இன்னும் தெளிவாகக் கண்டுகொண்டது. விரலால் தாளம் தட்டச் சொன்னபோதும் கீழ் ஸ்வரத்தின் பின்னாலேயே விரல்கள் போயின! அதே பல்கலைக்கழகத்தின் அரங்கில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியில், காதுக்குப் பிடிபடாத அளவு தாழ்ந்த அதிர்வுகளை விட்டு விட்டு ஒலிக்கச் செய்தார்கள். அவை ஒலித்த நேரத்தில் ஆடியவர்களின் அசைவு ஏறத்தாழ 12 சதவீதம் கூடியதாக 2022-ல் எழுதினார்கள். லீட் கிட்டாரைப் பார்த்துக் கைதட்டும் கூட்டத்தின் கால்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

அந்த ‘ஈ’ ஸ்வரத்தின் ஒலி அலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளம். நீங்கள் ரிகர்சல் செய்யும் அறையைவிடப் பெரும்பாலும் அது பெரியது! அலை சுவரில் மோதித் திரும்புவதால் அறையின் ஓர் இடத்தில் பேஸ் குமுறும், வேறோர் இடத்தில் நின்றால் காணாமலே போகும். ஆம்ப் மூலையில் இருந்தால் குமுறல் அதிகம். டோன் குமிழ்களைத் திருகித் திருகிச் சலிப்பதற்கு முன் ஆம்ப்பைச் சற்று நகர்த்திப் பாருங்கள்.

செல்போன் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும்போது பேஸின் அடி ஸ்வரம் உங்கள் காதுக்கு வருவதே இல்லை, தெரியுமா? அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 41 அதிர்வை எழுப்ப முடியாது. அந்த ஸ்வரத்தின் மேல் அடுக்குகள் மட்டும் வருகின்றன, அவற்றை வைத்து மூளையே அடி ஸ்வரத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. இல்லாத ஸ்வரத்தை நாம் கேட்கிறோம்! பாட்டைக் கேட்டு பேஸ் பிடிக்கிறவர்கள் நல்ல ஹெட்போன் போடாமல் உட்காரவே கூடாது. நம் சினிமாப் பாட்டிலேயே பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை எல்லோரும் கிட்டாருக்காகக் கேட்கிறார்கள். ஹெட்போனில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு முறை கேளுங்கள், அடியில் இன்னொரு மெட்டே ஓடிக்கொண்டிருக்கும். இளையராஜாவின் பேஸ் வரிகளைப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரகுமானின் பல பாடல்களில் கீத் பீட்டர்ஸ். இவர்கள் வாசித்ததை நாலு வரி காதால் பிடித்து வாசிப்பது ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

ஜாகோவிடம் திரும்புவோம், அவரை இரண்டு வரியில் விட மனம் வரவில்லை. தன் பேஸிலிருந்து ஃபிரெட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார்! ஃபிரெட் இல்லாததால் கமகம்போல ஸ்வரங்கள் வழுக்கின. 1976-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில், கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸ்களையே முக்கியமாக வைத்து ஒரு முழு இசைத் துண்டை வாசித்திருக்கிறார். நீங்களும் இன்றே செய்து பார்க்கலாம். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் உலோகத்துக்கு நேர் மேலே கம்பியை விரலால் தொட்டு, மீட்டியதும் விரலை எடுங்கள். மணி அடிக்கும். கம்பி சரிபாதியாகப் பிரிந்து அதிர்வதுதான் ரகசியம். ஏழாம் ஃபிரெட்டில் மூன்றாகப் பிரியும், ஐந்தாம் ஃபிரெட்டில் நான்காக!

பேஸ்காரர் டோனி லெவின் செய்ததோ இன்னும் வேடிக்கை. 1986-ல் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ‘பிக் டைம்’ பாடலுக்கு இவர் இடது கையால் ஸ்வரம் பிடிக்க, டிரம்மர் ஜெரி மரோட்டா பேஸ் கம்பிகளைக் குச்சியால் அடித்தார். மேடையில் அதை ஒரே ஆளாக வாசிக்க, டிரம் குச்சியின் துண்டுகளை விரல்களில் மாட்டிக்கொண்டார் லெவின்!

இடது கைக்கும் ஒரு வார்த்தை. வழக்கமான பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். அதில் முதல் ஃபிரெட்டின் அகலம் கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர். ‘ஒரு விரலுக்கு ஒரு ஃபிரெட்’ என்று படித்துவிட்டு அங்கே நான்கு விரலையும் விரித்து வைத்தால் மணிக்கட்டு வலிக்கத்தான் செய்யும். டபுள் பேஸ்காரர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஃபிரான்ஸ் சிமாண்டில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஆள்காட்டி, நடு, சுண்டு ஆகிய மூன்று விரல்களுக்கே ஸ்வரம், மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை. கீழ் ஃபிரெட்டுகளில் இதைப் பின்பற்றுங்கள், மேலே போனதும் நான்கு விரலுக்கு மாறுங்கள். விரல் மரத்தாலோ மணிக்கட்டு வலித்தாலோ உடனே நிறுத்துங்கள். அதில் வீரம் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த ரிகர்சலில் கிக் டிரம்முக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். வீட்டில் மெட்ரோனோமை 60-ல் வைத்து, அந்தத் தட்டை இரண்டாவது நான்காவது எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு, வாயில் தகதிமி சொல்லி ஒரே ஒரு பேஸ் வரியைப் பத்து நிமிடம் வாசியுங்கள். ஸ்வரம் தொடங்கும் இடத்தைப் போலவே முடியும் இடமும் துல்லியமாக விழுகிறதா என்று பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள்.