முதலில் கையை விரிக்கச் சொல்லுங்கள்

இலஞ்சியைத் தாண்டிக் குற்றாலம் போகிற சாலையில் ஒரு டீக்கடை. வெளியே சாரல். அண்ணாச்சி தன் போனை என் பக்கம் தள்ளினார். திரையில் ஒரு வில். இலையும் சருகும் வரைந்த நிறம், இரண்டு முனையிலும் சக்கரம். "பாப்பா இதைத்தான் கேக்கா. விலை லட்சத்தைத் தாண்டுது. வாங்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அவர் மகள் பாப்பாவுக்குப் பதினாறு வயது. ஒன்றரை வருடமாகப் பயிற்சிக்கூடத்தின் பொது வில்லில் எய்கிறாள். அண்ணாச்சிக்குத் தெரிந்த வில்லோ, கோயில் கொடையில் குடத்தின் மேல் கட்டி வீசுகோலால் தட்டுகிற வில்தான். அவருக்கு அடியிலிருந்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இன்னொரு டீ சொன்னேன்.

சாதாரண வில்லை இழுக்க இழுக்கக் கனம் கூடும். நாண் முகவாய்க்கு வரும்போதுதான் பாரம் உச்சத்தில் இருக்கும். குறி பார்க்க வேண்டியதும் அந்த நேரத்தில்தான். 40 பவுண்டு வில் என்றால் 18 கிலோவை விரலில் தாங்கிக்கொண்டே குறி பார்க்க வேண்டும். காம்பவுண்ட் வில் இந்தச் சிக்கலைத்தான் அவிழ்த்தது. கிணற்று ராட்டினத்தின் அச்சு நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதாக நினைத்துப் பாருங்கள். சுற்றும்போது ஓரிடத்தில் கனக்கும், தாண்டியதும் லேசாகும். வில்லின் முனைகளில் இருக்கும் கேம் என்னும் சக்கரம் செய்வது அதையேதான். பாதி வழியில் முழு பாரமும் ஏறும். கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் சட்டென்று இறங்கிவிடும். இந்த இறக்கத்துக்கு லெட் ஆஃப் என்று பெயர். 75 சதவீத லெட் ஆஃப் உள்ள 40 பவுண்டு வில்லில், குறி பார்க்கும்போது கையில் நிற்பது வெறும் 10 பவுண்டு. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969-ல் கிடைத்தது.

"அப்போ இது லேசான வில்லுன்னு சொல்லுங்க."

லேசு என்பதால்தான் அண்ணாச்சி, அளவு தப்பினால் தெரியாமலே போய்விடுகிறது. சாதாரண வில்லை அவரவர் கைநீளத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். காம்பவுண்டில் கேம் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் நாண் நிற்கும். அதற்கு மேல் சுவரில் முட்டியதுபோல இருக்கும். அந்த இடம் வில்லுக்குள்ளேயே அமைந்த அளவு. அதை டிரா லெங்த் என்பார்கள். பாப்பாவின் உடம்புக்கு அது ஓர் அங்குலம் நீண்டால், அவள் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பாள், வில் பிடித்த முழங்கையை முட்டுக் கொடுத்துப் பூட்டுவாள், நாண் முன்கையில் அடித்துக் கன்றிப்போகும். குறைந்தால் தோள் சுருங்கும், முதுகுத் தசை வேலையே செய்யாது. அரை அங்குலம்கூட இலக்கில் தெரியும். இப்படித் தப்பான அளவில் ஒரு வருடம் எய்து பழகிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பழக்கத்தை அழிக்க இன்னொரு வருடம் போகும். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. பிள்ளை மேல் குறை இல்லை, வில் மேல்தான்.

ஷீத்தல் தேவியைப் பற்றி அண்ணாச்சி கேள்விப்பட்டிருந்தார். இரண்டு கைகளும் இல்லாமல் பிறந்த ஜம்மு காஷ்மீர்ப் பெண். நாற்காலியில் உட்கார்ந்து காலால் வில்லைப் பிடித்து எய்கிறவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராக்கேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கினார். அவர் எய்வதும் காம்பவுண்ட் வில்தான். வில்லை அந்தப் பெண்ணின் உடம்புக்கு வளைத்தார்களே தவிர, வில்லுக்காக அவரை வளைக்கவில்லை.

அடுத்தது பாரம். கடைக்காரர் 60 பவுண்டு என்று ஆசை காட்டுவார். உலகப் போட்டிகளில் அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். தகுதிச் சுற்றில் மட்டும் 72 அம்பு எய்ய வேண்டும், பயிற்சி நாளில் அதற்கும் மேல். பாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக நீட்டி இழுக்கச் சொல்லுங்கள். உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் இழுத்தால் அது அவள் பாரம். பெரும்பாலான வில்களில் திருகாணியைத் தளர்த்தி உச்சத்திலிருந்து பத்து பவுண்டு வரை இறக்கலாம். ஆகவே 50 உச்சமுள்ள வில்லை வாங்கி 40-ல் தொடங்கினால், அவளோடு சேர்ந்து வில்லும் வளரும்.

போனில் இருந்த வில்லைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அது வேட்டை வில். மரத்துக்கு மரம் ஒளிந்து எய்யக் குட்டையாக, அச்சுக்கு அச்சு 30 அங்குலம் அளவில் செய்தது. நமக்கு 1972-ன் வனவுயிர்ச் சட்டம் இருக்கிறது. இந்த மலையில் அந்த வில்லுக்கு வேலை இல்லை. போட்டி வில் 36 முதல் 40 அங்குலம் வரை நீளமாக இருக்கும். நீளமானது கையில் ஆடாது. 50 மீட்டர் தள்ளி, 8 சென்டிமீட்டர் அகலமே உள்ள பத்துப் புள்ளி வட்டத்தில் அடிக்க அந்த நிதானம் வேண்டும்.

வலது கை வில், இடது கை வில் என்று தனித்தனி. வாங்கிய பிறகு மாற்ற முடியாது. எந்தக் கண் முந்துகிறது என்று பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

பிறகு நம் ஊர்க் காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்கிற காற்றுதான் கிழக்கே காற்றாலைகளைச் சுற்றுகிறது. அம்பு 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய அரை நொடிக்குச் சற்று மேல். அதற்குள் காற்று அதைத் தள்ளிவிடும். தடித்த அம்பில் காற்று அதிகம் பிடிக்கும், ஒல்லியான கார்பன் அம்பு வெட்டிக்கொண்டு போகும். எனவே பணம் முழுவதையும் வில்லில் போடாதீர்கள். நல்ல அம்பு ஒரு டஜன், குறிகாட்டி, நாணைப் பிடித்து விடுகிற ரிலீஸ் எல்லாம் அதே காசில் வர வேண்டும். சாரலில் எய்தால் குறிகாட்டிக் கண்ணாடியில் நீர் படியும், பருத்தித் துணி ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள், நாண் இழுபட்டு நீளும்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் யாரும் அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுப் பார்க்கக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பும். வில்லின் கை விரிசல் விடும், கேம் வளையும்.

"எந்தக் கம்பெனின்னு சொல்லவே இல்லியே" என்றார் அண்ணாச்சி. ஹாய்ட், மேத்யூஸ், பிஎஸ்இ எதுவும் மோசமில்லை. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்ட் தங்கம் ஐந்தையும் நம் ஆட்கள் வென்றார்கள். விஜயவாடாவின் ஜோதி சுரேகாவுக்கு மட்டும் மூன்று. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கலப்பு அணிப் பிரிவில் காம்பவுண்ட் வருகிறது. ஆனால் பெயரைக் கடைசியில் பார்ப்போம்.

டியூஷன் முடிந்து பாப்பா வந்தாள். எதிரில் தையல்காரரிடம் டேப் வாங்கினோம். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் விரித்தாள். விரல்நுனியிலிருந்து விரல்நுனிக்கு 63 அங்குலம். இரண்டரையால் வகுத்தால் 25 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். போனை வாங்கி வில்லின் விவரத்தைப் படித்தேன். டிரா லெங்த் 27-லிருந்து 30 வரை.

"அப்பா, இது எனக்குச் சேராதா?" என்றாள்.

"இது சேராது பாப்பா. 24-லிருந்து தொடங்குறது இருக்கான்னு கேப்போம்" என்று அண்ணாச்சி கடைக்காரரின் எண்ணைத் தேடினார்.