செயற்கை மூட்டும் உலோக ஒவ்வாமையும்

மூட்டுக்குள் வைக்கப்படுவது

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் தொடை எலும்பின் முனையில் பொருத்தப்படும் உறை பெரும்பாலும் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் ஆகியவை சேர்ந்த உலோகக் கலவையால் ஆனது. அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நிக்கலும் கலந்திருக்கும். கவரிங் தோடு அணிந்தவரின் காது புண்ணாகி நீர் வடிவதற்கும், ஜீன்ஸ் பொத்தான் உரசும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே அரித்துத் தடிப்பதற்கும் காரணமான அதே நிக்கல்தான் இது. மூட்டை எலும்போடு பிடித்து நிறுத்தும் அக்ரிலிக் சிமென்ட்டில் உள்ள வேதிப்பொருள்களும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஒவ்வாமை எழும் விதம்

உலோகத்திலிருந்து மெல்லக் கசியும் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற நுண்துகள்கள், உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, அப்புரதங்களை அந்நியமெனக் கருதித் தடுப்பாற்றலின் டி அணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. இவ்விளைவு உடனே தோன்றாமல் நாள் கடந்து வெளிப்படுவதால் இது தாமத வகை ஒவ்வாமை எனப்படுகிறது. மூட்டில் ஓயாத வலி, வீக்கம், விறைப்பு ஆகியவையும், அரிதாகத் தோலில் கரப்பான் போன்ற தடிப்பும் இதனால் வரலாம்.

முதலில் ஐயுற வேண்டியவை

ஆயினும் அறுவைக்குப் பின் வரும் எல்லா அரிப்புக்கும் உலோகத்தைக் குற்றம் சொல்வது தவறு. கட்டைப் பிரித்தவுடன் பிளாஸ்டர் ஒட்டியிருந்த அளவுக்குச் சதுரமாகச் சிவந்து கொப்புளித்திருந்தால், காரணம் அந்தப் பிளாஸ்டரின் பசையாகவே இருக்கக்கூடும். தையலுக்கு மேல் பூசப்படும் தோல் பசையும் அயோடின் மருந்தும் அவ்வாறே. மூட்டே வீங்கி வலித்தால், இரத்தப் பரிசோதனையாலும் மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பதாலும் கிருமித்தொற்று இல்லையென்பதை உறுதிசெய்த பிறகே ஒவ்வாமையைப் பற்றிப் பேச முடியும். தொற்றை ஒவ்வாமையென்று நினைத்துக் களிம்பு தடவிக் காலம் கடத்துவதே இங்குப் பெரிய ஆபத்து.

ஒட்டுச் சோதனை

பேட்ச் டெஸ்ட் எனப்படும் இச்சோதனையில், ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அதன்பின் இரண்டொரு நாளில் மீண்டும் தோல் பார்க்கப்படுகிறது. நிக்கலுக்குத் தோல் சிவந்தது என்பதாலேயே மூட்டுவலிக்கு நிக்கல்தான் காரணமென்று ஆகிவிடாது. தோலில் நிக்கல் ஒவ்வாமை உள்ள பலர் வழக்கமான செயற்கை மூட்டோடு நலமாகவே நடமாடுகின்றனர். எனவே இம்முடிவை மட்டும் நம்பி மறு அறுவைக்குச் செல்வது பொருந்தாது.

ஒவ்வாமை உறுதியானவர்களுக்காக ஆக்சைடாக்கப்பட்ட சிர்கோனியம், டைட்டானியம் நைட்ரைடு பூச்சு கொண்ட மூட்டு ஆகிய மாற்றுகள் உள்ளன. ஆனால் அவற்றை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆகவே கவரிங் நகையோ கைக்கடிகாரப் பட்டையோ ஒத்துக்கொள்ளாதவர்கள், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.