பழைய இயங்குதளத்தில் புதிய கருவிகள்

வங்கிக் கணினிகளுள் சில மிகப் பழைய மரபைச் சேர்ந்தவை என்று கேள்விப்படும் வாடிக்கையாளருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. கைப்பேசியையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகிறோமே, சேமிப்பை மட்டும் அறுபது ஆண்டு மரபுள்ள இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. விடையோ சற்று நீளமானது.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற பெருங்கணினி வரிசையை அறிவித்தது. அதற்கென எழுதப்பட்ட இயங்குதளம், 1974-இல் எம்விஎஸ் என்றும், 1995-இல் ஓஎஸ்/390 என்றும், 2001 முதல் இசட்/ஓஎஸ் என்றும் பெயர் மாறி வளர்ந்தது. பெயரும் வன்பொருளும் மாறினாலும், பழைய நிரல்கள் புதிய இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்ற உறுதிமொழி மாறவில்லை. உலகின் பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகள் இன்றும் இந்த இயங்குதளத்தில்தான் எழுதப்படுகின்றன. நம் நாட்டு வங்கிகள் பிற்காலத்தில் கணினிமயமானவை. அவற்றுள் பல யூனிக்ஸ் வகைக் கணினிகளிலேயே மையக் கணக்குமுறையைத் தொடங்கின. ஆயினும், வெளிநாட்டு வங்கிகளின் பெருங்கணினிகளைப் பேணும் பொறியாளர்களில் கணிசமானோர் சென்னையிலும் பெங்களூரிலும் அமர்ந்துதான் பணியாற்றுகிறார்கள்.

பழையதை அகற்றிவிட்டுப் புதியதை நிறுவினால் என்ன? பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் அதைச் செய்தது. ஒரு வார இறுதியில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டன. தரவுகள் ஒழுங்காகவே வந்து சேர்ந்தன. அவற்றைத் தாங்க வேண்டிய புதிய அமைப்பு தடுமாறியது. ஏறத்தாழ 19 லட்சம் பேர் தம் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். நிலைமை முழுமையாகச் சீரடைய அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. 2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. கிளைக் கணினிகளிலிருந்து மைய அமைப்புக்குக் கணக்குகள் இடம்பெயர்ந்த இரவுகளைக் கண்ட எங்கள் தலைமுறை அலுவலர்கள், இந்தச் செய்தியைப் பிறருடைய துன்பமாக மட்டும் படித்திருக்க மாட்டார்கள்.

பழையதை வைத்துக்கொள்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. அது இயந்திரத்தைப் பற்றியதன்று, ஆட்களைப் பற்றியது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர், கோபோல் மொழி அறிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டுக்கொண்டார். கோபோல் 1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி. அதை எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இன்று கல்லூரியிலிருந்து வரும் இளைஞருக்குக் கோபோலைக் கற்பிப்பது அவ்வளவு கடினமன்று. பச்சை எழுத்துத் திரையும், எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க இடங்கொடாத நிரல் நூலகமும், அவர் கேள்விப்பட்டிராத கருவிகளும்தான் அவரை விரட்டிவிடுகின்றன.

ஆகவே மூன்றாவது வழியொன்று பிறந்தது. இளைஞர்கள் பழகிய திறந்த மூலக் கருவிகளையே பழைய இயங்குதளத்துக்குக் கொண்டுவருவது. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமையுடன் வெளியாகும் மென்பொருள்கள் இவை. ஐபிஎம் பொறியாளர்களும் ஆர்வலர்களும் இணைந்து இயங்கும் இசட்ஓப்பன் என்ற குழுமம் இத்தகைய கருவிகள் பலவற்றை இசட்/ஓஎஸ்ஸில் ஓடச் செய்திருக்கிறது. பாஷ், விம், மேக், கர்ல் என்ற பெயர்கள் நம்மில் பலருக்குப் பொருளற்றவை. ஒரு நிரலாளருக்கோ அவை தச்சனின் உளியும் இழைப்புளியும் போன்றவை.

அவற்றுள் கிட் என்ற கருவி வங்கிக்காரர்களாகிய எங்களுக்கு உடனே புரிகிறது. லினக்ஸின் ஆசிரியரான லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது அது. நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் செய்தார், எப்போது, என்ன காரணம் என்று பதிவு செய்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. அக்கணக்கில் முந்தைய பதிவின் எண்ணும் சேர்கிறது. நடுவில் ஒரு பதிவைச் சத்தமின்றித் திருத்தினால், அதற்குப் பின்வரும் எண்கள் எல்லாம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பேரேட்டின் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டவே முடியாத ஏற்பாடு என்று கொள்ளலாம். பெருங்கணினியில் இத்தகைய வசதி முன்பே இல்லாமலில்லை. ஆனால் அவை கட்டணக் கருவிகள். அவற்றின் முறைகள் அங்கு மட்டுமே வழங்குபவை.

கருவியைக் கொண்டுவருவது படியெடுத்து வைப்பது போன்ற எளிய வேலையன்று. முதல் தடை எழுத்தே. பிற கணினிகள் ஆஸ்கி முறையில் எழுத்துகளை எண்களாக வைக்கின்றன. அங்கு பெரிய ஏ எழுத்தின் எண் 65. இசட்/ஓஎஸ்ஸின் மரபு முறையான எப்சிடிக்கில் அது 193. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடப்பதைப் பார்த்த தமிழருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வேறுபாடு எண்ணோடு நிற்கவில்லை. எப்சிடிக் துளை அட்டையின் வழிவந்தது. அட்டையில் ஏ முதல் ஐ வரை ஒரு குழு, ஜே முதல் ஆர் வரை மறு குழு, எஸ் முதல் இசட் வரை மூன்றாம் குழு. ஒன்பது, ஒன்பது, எட்டு. குழுக்களுக்கிடையே இடைவெளிகள். ஐ எழுத்து 201. ஜே எழுத்து 209. இடையிலுள்ள 208-இல் ஒரு வளைவு அடைப்புக்குறி உட்கார்ந்திருக்கிறது! 26 எழுத்துகளும் அடுத்தடுத்து நிற்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல், இங்கு 41 எண்களைக் கடந்து செல்லும். வரிசைப்படுத்தலிலும் இதே தொல்லை. ஆஸ்கியில் இலக்கங்கள் எழுத்துகளுக்கு முன் வரும். எப்சிடிக்கில் பின் வரும். ‘ஏ12’, ‘12ஏ’ என்று ஆங்கில எழுத்தில் எண்ணிட்ட இரு பெட்டகங்களை இரண்டு கணினிகளும் வெவ்வேறு வரிசையில் பட்டியலிடும். இரு பட்டியல்களையும் ஒப்பிடும் நிரல் இதை அறியாவிட்டால், இல்லாத பிழைகளைக் கண்டுபிடிக்கும். அதனினும் கொடுமை, இருக்கும் பிழையை விட்டுவிடலாம்.

இதற்கு இருவகைத் தீர்வுகள் உண்டு. கருவிக்கே எப்சிடிக் கற்பிப்பது ஒன்று. பெர்ல் மொழி அவ்வழியில் நெடுங்காலம் உழைத்தது. கருவியை ஆஸ்கியிலேயே ஓடவிட்டு, கோப்புகளைப் படிக்கும்போதும் எழுதும்போதும் மொழிமாற்றுவது மற்றொன்று. இதற்காக ஒவ்வொரு கோப்பின்மீதும், இது இன்ன எழுத்துமுறையில் உள்ளது என்ற குறிச்சீட்டை இசட்/ஓஎஸ் ஒட்டிவைக்கிறது. சீட்டு தவறினால் கோப்பு குப்பையாகத் தெரியும். இரண்டாம் வழியே எங்களுக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. மூலக் கருவியில் குறைவாகக் கைவைத்தால், அது புதுப்பிக்கப்படும்போது பின்தொடர்வது எளிது.

பின்தொடர்தல்தான் செலவு. திறந்த மூலம் என்றால் இலவசம் என்று மகிழ்வோரைக் காணும்போது, வணிகவியல் படித்த எங்களுக்குச் சற்றுக் கலக்கம் உண்டாகிறது. உரிமக் கட்டணம் இல்லைதான், பராமரிப்பு உண்டு. மூலக் கருவியில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டால், அத்திருத்தம் பெருங்கணினிப் பதிப்பிலும் உடனே ஏற வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காத நிறுவனம், மலிவாக வாங்கியதற்குப் பிறகு விலை கொடுக்கும். இசட்/ஓஎஸ்ஸுக்காகச் செய்த மாற்றங்களை மூலக் கருவியின் ஆசிரியர்களிடமே அளித்து ஏற்கச் செய்வது இச்சுமையைக் குறைக்கிறது. அதற்குப் பொறுமையான கடிதப் போக்குவரத்து வேண்டும்.

நாற்பது ஆண்டு பழைய கோபோல் நிரலைக் கிட்டில் சேர்க்கும்போது, அதன் வரலாறு சேர்த்த நாளிலிருந்துதான் தொடங்கும். முந்தைய வரலாறு வேறோரிடத்தில் இருக்கிறது. துளை அட்டைக்கு 80 எழுத்திடங்கள்; அவற்றுள் 73 முதல் 80 வரை உள்ளவற்றைக் கோபோல் கம்பைலர் பொருட்படுத்துவதில்லை. ஒரு வரியை மாற்றிய நிரலாளர்கள் தம் முதலெழுத்துகளையோ மாற்ற எண்ணையோ அந்த எட்டு இடங்களில் குறித்துவைப்பது வழக்கம். எழுத்துமுறை மாறி, கருவி மாறி, திரை மாறி வந்த பின்பும், அக்குறிகள் வரிகளின் வலது ஓரத்தில் அப்படியே நிற்கின்றன.